முதல் சுற்றில் பறக்காதீர்கள்: ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வேகப் பயிற்சி என்கிறார்களே, அதை எவ்வளவு வேகத்தில் ஓடுவது? ஆக, முட்டிவலி, சப்பாத்து பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் மலேசியாவில் பஹாவ் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை, மருத்துவரும் இல்லை. கையில் ஸ்டாப்வாட்ச்சோடு திடலோரம் வெயிலில் நின்றே தலை நரைத்தவன்.

கேள்வி: வணக்கம் சார். செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வயது 38. அண்மையில் சிரம்பானில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தை 58 நிமிடத்தில் முடித்தேன். வருடக் கடைசிக்குள் 50 நிமிடத்தில் ஓட ஆசை. நண்பர் கொடுத்த அட்டவணையில் வாரம் ஒரு நாள் 400 மீட்டரை எட்டு முறை 'வேகமாக' ஓடு என்று போட்டிருக்கிறது. எவ்வளவு வேகம் என்று இல்லை. முதல் இரண்டும் 1 நிமிடம் 45 விநாடியில் வந்துவிடுகின்றன. ஐந்தாவது 2 நிமிடம் 5. கடைசி இரண்டும் 2 நிமிடம் 20ஐத் தாண்டுகின்றன. வாந்தி வராத குறைதான். அப்புறம் இரண்டு நாள் லோரியில் ஏறவே முடியவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா சார்?
(பஹாவ் வாசகர்)

வயதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை தம்பி. வேறு யாரோ ஓடவேண்டிய வேகத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டருக்கு 58 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 விநாடி. முதல் 400ஐ 1:45ல் ஓடுகிறீர்களே, அது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 22 விநாடி வேகம். அதே வேகத்தை விடாமல் பிடிக்கிறவர் 10 கிலோமீட்டரை 44 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, நீங்கள் வந்து சேர்வதற்குள் பசியாறியும் முடித்திருப்பார். நீங்கள் ஆசைப்படும் 50 நிமிடத்துக்கே 400 மீட்டருக்கு 2 நிமிடம் போதும். ஆசைப்பட்ட வேகத்தைவிடவும் 15 விநாடி கூடுதலாகப் பறந்துவிட்டு, எட்டாவதில் ஏன் கால் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

சரி, உங்கள் வேகம் எது? பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களில் ஒரு கணக்குச் சொன்னார். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் சரியாக இரண்டு மடங்கு ஆகாது. களைப்பும் சேர்ந்து சுமார் 2.085 மடங்கு ஆகும். உங்கள் 58 நிமிடத்தை அந்த எண்ணால் வகுத்தால், இன்றைக்கு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை ஏறத்தாழ 27 நிமிடம் 49 விநாடியில் ஓடுவீர்கள் என்று வருகிறது. 400 மீட்டருக்கு 2 நிமிடம் 13, 14 விநாடி. அதே கணக்கில் 3 கிலோமீட்டர் வேகம் 2 நிமிடம் 10 விநாடியை ஒட்டி வரும். எட்டு முறை 400 என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடவேண்டிய பயிற்சி. ஆக, 2:10 முதல் 2:14 வரை. இதற்கு மேல் ஒரு விநாடிகூட வேகம் வேண்டாம்.

"இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று முதல் சுற்றிலேயே தோன்றும். தோன்றட்டும். இரண்டாவதிலும் அப்படித்தான் இருக்கும். ஆறாவதில் அந்த எண்ணம் போய்விடும்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று தெரிந்தால் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்பதும் புரியும். உங்கள் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் இதயத்தையும் நுரையீரலையும் கொஞ்ச நேரம் வேலை செய்ய வைப்பதுதான் நோக்கம். அந்த நிலையில் மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கில் சேரும். 2:12ல் எட்டும் முடித்தால் பதினேழு நிமிடத்துக்கு மேல் உருப்படியான வேலை நடந்திருக்கும். 1:45ல் தொடங்கினால் இரண்டாவது முடிவதற்குள் தசையில் அமிலம் ஏறி, தொடை கட்டையாகி, மிச்சம் ஆறும் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிற வேலையாகப் போய்விடும். முழுக் குலை ஏற்றிய லோரியை மேட்டின் அடிவாரத்திலேயே அடிமட்டம் மிதித்தால் பாதி மேட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் எவ்வளவு ஓய்வு? 200 மீட்டர் மெல்ல ஓடுங்கள், ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஜெர்மனியில் வோல்டமார் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநர் 1930களில் ரைன்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். ஓடும்போது நாடி 180 வரை ஏறலாம். நின்ற பிறகு 90 விநாடிக்குள் 120க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா, ஓடியது அதிக வேகம். கெர்ஷ்லரிடம் பயிற்சி எடுத்த ருடால்ஃப் ஹார்பிக் 1939ல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த எண்களை அப்படியே இங்கே பிடித்துத் தொங்க வேண்டாம். ஹார்பிக் இளைஞர், அதுவும் குளிர்நாட்டுக்காரர். நம் புழுக்கத்தில் 38 வயதுக்காரரின் நாடி அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனால் அடுத்ததைத் தொடங்கும்போதும் மூச்சு இரைத்துக்கொண்டே இருக்கிறது என்றால் காரணம் அதேதான்.

வேகத்தை எப்போது கூட்டுவது என்றும் கேட்பீர்கள். ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6ஆம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினாரே, அவருக்குத் தேவைப்பட்டது சுற்றுக்கு 60 விநாடி. அதற்கு முந்திய டிசம்பரில் அவர் பயிற்சியைத் தொடங்கியது 66 விநாடியில். 440 கஜம், அதாவது கால் மைல், பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. மாதக்கணக்கில் ஒவ்வொரு விநாடியாகக் குறைத்து ஏப்ரலில் 61க்கு வந்தார். அங்கே மாட்டிக்கொண்டார், எவ்வளவு முக்கியும் 60 வரவில்லை. சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59. மருத்துவம் படித்த மனிதர், நாலு நிமிட மைலைக் குறி வைத்தவர், அவரே ஆசைப்பட்ட வேகத்தில் தொடங்கவில்லை, ஓடக்கூடிய வேகத்தில்தான் தொடங்கினார்.

உங்களுக்கும் அப்படியே. மூன்று நான்கு வாரம் எட்டும் ஒரே அளவில் வரட்டும். முதலாவதற்கும் எட்டாவதற்கும் மூன்று விநாடிக்கு மேல் வித்தியாசம் கூடாது. எட்டாவது முடிந்ததும் "இன்னும் ஒன்று ஓடு" என்று யாராவது சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது ஓட முடிய வேண்டும். அப்புறம் ஒரு போட்டியோ சோதனை ஓட்டமோ ஓடி, புது நேரத்தை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 50 நிமிடம் இந்த வருடத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் 55ஐப் பாருங்கள். அதற்குச் சுற்றுக்கு 2 நிமிடம் 12 விநாடி. நான் கொடுத்த பயிற்சி வேகத்தைத் திரும்பிப் பாருங்கள், அதே எண்தான்.

கேள்வி: ஐயா, நான் எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. பாலர் பள்ளியில் ஆசிரியை, வயது 34. இரண்டு வருடமாகத் தாமானைச் சுற்றி மெதுவோட்டம் ஓடுகிறேன். இப்போது கொஞ்சம் வேகம் பழகலாம் என்று பார்க்கிறேன். போட்டி நேரம் இல்லாதவர்கள் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
(குவாலா பிலா வாசகி)

ஒரு நாள் சோதித்துப் பாருங்கள் அம்மா. நம் ஊரில் போலீஸ், ராணுவம் என்று சீருடை வேலைக்குப் போகிறவர்கள் பலரும் 2.4 கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். 400 மீட்டர் பாதையில் ஆறு சுற்று. அதையே நீங்களும் ஓடுங்கள். பதினைந்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, ஆறு சுற்றையும் உங்களால் முடிந்த அளவு வேகமாக, ஆனால் சமமாக. முதல் சுற்றில் யாரையும் துரத்த வேண்டாம்.

14 நிமிடம் 24 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம், 400க்கு 2 நிமிடம் 24 விநாடி. பத்திலிருந்து பதினைந்து நிமிடம் வரை ஒருவர் முழு மூச்சாகப் பிடிக்கக்கூடிய வேகம்தான், நடுவில் ஓய்வு விட்டு விட்டு ஓடும் இந்த இடைவெளிப் பயிற்சிக்கு ஏற்ற வேகம். அதனால் பெருக்கல் வகுத்தல் அதிகம் தேவையில்லை. 400 மீட்டர் ஓடினால் 2:24. 800 ஓடினால் 4:48. தொடக்கத்தில் 400 நான்கு முறை போதும், வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாளெல்லாம் நீங்கள் இப்போது ஓடுகிற அதே மெதுவோட்டம். வேகம் பழக ஆரம்பித்ததும் எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம் வேகமாக ஓடத் தோன்றும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

எங்கே ஓடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அரங்கத்துப் பாதையில் உள் தடம் மட்டும்தான் 400 மீட்டர். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர் வரும். காலையில் உள் தடம் நெரிசலாக இருக்கிறது என்று வெளித் தடத்தில் ஓடிவிட்டு, எனக்கு நேரமே வரவில்லை என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளித் திடலில் சுண்ணாம்பு போட்ட பாதை என்றால் அது 200ஆ 300ஆ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், குடும்பத்தில் இதய நோய் ஏதாவது இருந்தால் சோதனைக்கு முன் கிளினிக்குக்குப் போய் வாருங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: டெம்போ ஓட்டம், இடைவெளி ஓட்டம் இரண்டும் ஒன்றா? இரண்டிலும் எனக்கு ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குகிறது.
(ரொம்பின் வாசகர்)

ஒரே மாதிரி வாங்கினால் ஏதோ ஒன்றைத் தவறாக ஓடுகிறீர்கள். பெரும்பாலும் டெம்போவைத்தான். ஒரு மணி நேரப் போட்டி வைத்தால் கடைசி வரை பிடிக்கக்கூடிய வேகம் அது. மேலே எழுதிய ஆசிரியைக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் 6 நிமிடம் என்றால் டெம்போ கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடியை ஒட்டி இருக்கும். இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடலாம், முடிக்கும்போது செத்தேன் பிழைத்தேன் என்று இருக்கக்கூடாது.

வாட்ச் இல்லாத பிள்ளைகளுக்கு நான் குறளை வைத்துத்தான் சோதனை வைப்பேன். ஓடிக்கொண்டே ஒரு குறள் சொல்ல வேண்டும். ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது மெதுவோட்டம். முதல் அடியின் நாலு சீரோடு மூச்சு வாங்கி, அப்புறம் மூன்றைச் சொன்னால் டெம்போ. "அகர முதல" என்பதற்கு மேல் வாய் திறக்க முடியவில்லை என்றால் இடைவெளி ஓட்டத்தின் வேகத்துக்கு வந்தாயிற்று. குறளே மறந்துபோகிற அளவுக்கு வேகம் இருந்தால் அது பயிற்சியில் சேர்த்தி இல்லை. நாலு கடிகாரம் கட்டிய பெரியவர்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், சிரித்துவிட்டுப் போவார்கள். செய்து பார்த்தவர்கள் அப்புறம் சிரிப்பதில்லை.

கேள்வி: சார், என் ஜிபிஎஸ் வாட்ச் 900 வெள்ளி. தோட்டத்துச் சடக்கில் செம்பனைக்கு நடுவே ஓடும்போது ஒரு நேரம் கிலோமீட்டருக்கு 4:50 காட்டுகிறது, பத்து அடி தள்ளி 6:20 காட்டுகிறது. நான் ஒரே மாதிரிதான் ஓடுகிறேன். எதை நம்புவது?
(ஜெம்போல் வாசகர்)

அந்த ஓடும் எண்ணை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் சிக்னல் அடர்ந்த மட்டைகளுக்குள் சிதறும். வாட்ச் உங்களை ஒரு நேரம் பள்ளத்திலும் ஒரு நேரம் அடுத்த நிரையிலும் வைத்துக் கணக்குப் போடும். நீண்ட மெதுவோட்டத்தில் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். 400 மீட்டரில் சரிக்கட்ட நேரம் ஏது?

வேகப் பயிற்சிக்கு அளந்த தூரமும் சாதாரண ஸ்டாப்வாட்ச்சும் போதும். அளப்பதற்கு ஒரு சைக்கிள் வேண்டும். டயரின் வால்வு இருக்கும் இடத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள். சிமெண்டுத் தரையில் நூல் கீழே தொடும் இடத்தில் ஒரு கோடு, சக்கரம் ஒரு முழுச் சுற்று உருண்டு நூல் மறுபடியும் கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் இருக்கும் நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். என் பழைய சைக்கிளுக்கு 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். அப்படியானால் 190 சுற்று உருட்டினால் 399 மீட்டர், ஒரு எட்டு கூட வைத்தால் 400. காற்று குறைந்த டயரோடு அளக்கக்கூடாது. உருட்டும்போது யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் நல்லது, எண்ணிக்கை விட்டுப்போகும்.

சைக்கிள் இல்லையா, மரமே அளவுகோல்தான். செம்பனையைப் பொதுவாக மூன்று பக்கமும் 9 மீட்டர் வருகிற மாதிரி முக்கோணமாக நடுவார்கள். சடக்கு மர நிரையோடு போனால் மரத்துக்கு மரம் 9 மீட்டர். 44 இடைவெளி தாண்டினால் 396 மீட்டர். சடக்கு நிரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் நிரைக்கு நிரை சுமார் 7.8 மீட்டர்தான், அப்போது 51 எண்ண வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் 9 மீட்டர்தான் நட்டிருப்பார்கள் என்று இல்லை. மண்ணுக்கும் கன்றின் வகைக்கும் ஏற்ப மாறும். அதனால் இரண்டு மரத்துக்கு நடுவில் ஒருமுறை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடக்க மரத்திலும் முடிவு மரத்திலும் சுண்ணாம்பு தடவி வைத்தால், மழைக்காலம் வரை நிற்கும்.

மேடு பள்ளம் இருந்தால் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று ஓடுங்கள். இரண்டின் சராசரிதான் உங்கள் நேரம். மேட்டில் 2:20, இறக்கத்தில் 2:05 என்றால் உங்கள் வேகம் 2:12. இறக்கத்து நேரத்தை மட்டும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். உதிரிப் பழத்தை மிதித்துவிடாதீர்கள், கணுக்கால் போய்விடும். டிராக்டர் வரும் நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறரைக்கு இங்கே இன்னும் இருட்டு. ஏழு மணிக்கு மேல்தான் கண்ணுக்குப் பாதை தெரியும். வேகப் பயிற்சியை வெளிச்சத்தில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, மகனுக்கு 14 வயது. பள்ளியில் குறுக்கோட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறான். நானே தினமும் மாலையில் திடலுக்குக் கூட்டிப்போய் 400 மீட்டர் முழு வேகத்தில் ஐந்து முறை ஓடவைக்கிறேன். 1985ல் ஜகார்த்தாவில் நம் பி. ராஜ்குமார் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றாரே, அவர் சுற்றுக்கு 54 விநாடியில் ஓடினாராம். மகன் இன்னும் 75ல் நிற்கிறான். இரண்டு வாரமாக முழங்காலுக்குக் கீழே வலி என்கிறான். சாக்குச் சொல்கிறானா?
(கெமாஸ் வாசகர்)

சாக்குச் சொல்லவில்லை. நாளைக்கே நிறுத்துங்கள். வலி போகும்வரை ஓட்டம் வேண்டாம். ஓய்வெடுத்தும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்கிற எலும்பு அது.

ராஜ்குமார் அன்றைக்கு ஓடியது 1 நிமிடம் 47.37 விநாடி. இந்த நாட்டுத் தமிழர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஓட்டம் அது, எனக்கும் பெருமைதான். ஆனால் அது வளர்ந்த வீரர் ஒருவர், ஆசியாவின் இறுதி ஓட்டத்தில், இரண்டே சுற்று ஓடிய வேகம். உங்கள் மகன் ஓடப்போவது கிலோமீட்டர் கணக்கில், சேற்றிலும் மேட்டிலும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

தினமும் முழு வேகம் என்பது எந்த வயதுக்கும் ஆகாது. உடம்பு பலமாவது ஓடும்போது இல்லை, ஓடிவிட்டு ஓய்ந்திருக்கும்போது. அந்த ஓய்வை நீங்கள் கொடுக்கவே இல்லை. வலி போன பிறகு வாரம் மூன்று நாள் கூட்டாளிகளோடு மெதுவாக ஓடட்டும், பேசிக்கொண்டே. ஒரே ஒரு நாள் ஃபார்ட்லெக் வையுங்கள். ஸ்வீடனில் யோஸ்டா ஹோல்மர் என்ற பயிற்றுநர் 1930களில் கொண்டுவந்தது. வாட்ச்சும் இல்லை, அளந்த தூரமும் இல்லை, ஓடுகிறவனுக்குத் தோன்றும்போது வேகம், தோன்றும்போது மெதுவாக. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு லயத்துக்கு வெளியே கரண்டுக் கம்பத்தை வைத்துச் சொல்வேன்: ஒரு கம்பம் வேகம், இரண்டு கம்பம் மெல்ல. பிள்ளைகளே கம்பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றுவார்கள், சிரிப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 14 வயதுக்கு வேகம் என்று விநாடி எண்ணைக் கையில் கொடுக்க நான் தயாரில்லை. நீங்களும் ஸ்டாப்வாட்ச்சை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் ஐயா. முடிந்தால் அவனோடு நீங்களும் ஓடுங்கள்.

கேள்வி: 800 மீட்டரைப் பத்து முறை 5 நிமிடத்தில் ஓட முடிந்தால் மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? பினாங்குப் பாலம் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வயது 52.
(சிரம்பான் வாசகர்)

பார்ட் யாஸோ என்ற அமெரிக்க ஓட்டக்காரரின் பெயரால் வழங்கும் கணக்கு அது. நிமிடத்தை மணியாக்கிப் படித்துக்கொள்ள வேண்டும், நினைவில் வைக்க எளிது. ஆனால் கொஞ்சம் தாராளமான கணக்கு. 800க்கு 5 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6:15. 5 மணி நேர மாரத்தானுக்குத் தேவை கிலோமீட்டருக்கு 7:06. இந்த வேகம் உங்களிடம் இருக்கலாம், 42 கிலோமீட்டர் தாங்கும் கால் இருக்கிறதா என்பதை இந்தப் பயிற்சி சொல்லாது. அதை வாரக் கடைசி நீண்ட ஓட்டம்தான் சொல்லும். 5 மணி நேரம் வேண்டும் என்றால் 800ஐ 4:50ல் ஓடிப் பழகுங்கள். பத்தை ஒரே நாளில் தொடங்காமல் நாலில் தொடங்கி வாரம் ஒன்று கூட்டுங்கள். பாலத்தில் முழு மாரத்தானை நடு இரவு தாண்டித் தொடங்குவார்கள், அதனால் ஓரிரு நீண்ட ஓட்டத்தையாவது விடியுமுன் ஓடிப் பாருங்கள். வயிறு அந்த நேரத்தில் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

கேள்வி: வேகப் பயிற்சிக்கு முள் சப்பாத்து வாங்க வேண்டுமா?
(பஹாவ் மாணவர்)

வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல சாதாரண ஓட்டச் சப்பாத்து வாங்குங்கள்.

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை. ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள். ஐந்தரைக்கு ஓடினால், ஞாயிறு காலையில் வருகிற நேரம் வருவதில்லை. 400க்கு ஆறு, ஏழு விநாடி கூடுகிறது. வேகம் குறைந்துவிட்டதாகக் கொள்வதா?
(பஹாவ் வாசகி)

இல்லை அம்மா. நம் ஊர் வெயில் ஐந்தரைக்கும் தணிவதில்லை. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். குளிர்விப்பதற்காக ரத்தம் தோலுக்குப் போகிறது, காலுக்குப் போவது குறைகிறது, இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. காலையில் 2:30 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதையே மாலையில் விரட்டிப் பிடித்தால் காலையில் 2:23 ஓடிய பாடு உடம்புக்கு. உங்களுக்கு வேண்டியது அந்தப் பாடு எவ்வளவு என்பதுதான், கடிகாரத்து எண் எவ்வளவு என்பதில்லை.

மாலையில் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்து ஓடுங்கள். இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெல்ல, ஆறு முறை. வேகமான இரண்டு நிமிடத்தில் குறளின் இரண்டு சீர் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். எத்தனை மீட்டர் ஓடினோம் என்று பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். தொடர்ந்து பத்து, பதினான்கு நாள் மாலையில் ஓடினால் உடம்பு ஓரளவு சூட்டுக்குப் பழகும். அப்போதும் காலை நேரம் மாலையில் வராது. ஞாயிறு காலை எண்ணைத் தனியாகவும் மாலை எண்ணைத் தனியாகவும் நோட்டில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதால்தான் இந்தக் கவலை.

இன்னொன்று. மாலை என்றால் இடி. திடல் வெட்டவெளி, ஒற்றை மரத்தடி அதைவிட மோசம். இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆகாமல் வெளியே வரவேண்டாம். ஆறில் மூன்றுதான் முடிந்தது என்றாலும் சரி, மிச்சம் மூன்றை மறுநாள் சேர்த்து ஓட வேண்டாம்.

அடுத்த மாதத்துக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் வயது, அண்மையில் ஓடிய தூரம், அதற்கு எடுத்த நேரம், ஓடியது காலையா மாலையா, திடலா சடக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "நான் எவ்வளவு வேகமாக ஓடவேண்டும்?" என்று மட்டும் எழுதி வந்த பதினொரு கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. அவற்றுக்கு இதற்கு மேல் என்னால் பதில் எழுத வழியில்லை.